ஆர்த்தோ தியேட்டர் சத்தத்தால காது கெடுமா, ப்ளக் வச்சுக்கலாமா: ஒரு ஸ்க்ரப் நர்ஸ் கேட்டதுக்கு விரிவான பதில்

சிஸ்டர் கேட்டது இதுதான். ஆர்த்தோ தியேட்டர்ல, அதாவது எலும்பு ஆபரேஷன் பண்ற இடத்தில, பல வருஷமா சர்ஜனுக்குக் கருவி எடுத்துக் குடுக்கிற ஸ்க்ரப் நர்ஸா இருக்காங்க, முட்டி மாத்துற கேஸ் வரிசையா இருக்கிற நாள்ல சாயங்காலம் வீட்டுக்குப் போனா காதுக்குள்ள ஙொய்னு ஒரே இரைச்சல், மறுநாள் காலைல சரியாயிடுது. இது ரம்பம் சுத்தியல் சத்தத்தாலயா, ஸ்டெரைலா நிக்கும்போது காதுல ப்ளக் வச்சுக்கலாமா, மயக்கத்தில இருக்கிற பேஷன்ட் காதுக்கு ஏதாவது ஆகுமா, "மொத்தமே ரம்பம் கொஞ்ச நிமிஷம்தானே ஓடுது"ன்னு சர்ஜன் சொல்றாரே அது சரியா. நான் இஎன்டி, ட்ரில்லைக் கையில பிடிக்கிறவனும் நான்தான், தியேட்டர் ஸ்டாஃபோட ஆடியோகிராமை, அதாவது கேட்கும் திறனை அளந்த ஷீட்டை, பார்க்கிறவனும் நான்தான், அதனால ரெண்டு பக்கத்திலேர்ந்தும் எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல, காலைல சரியாயிடுதுங்கறதை வச்சு நிம்மதி ஆயிடாதீங்க சிஸ்டர். சாயங்காலம் இரைச்சல், காது லேசா அடைச்ச மாதிரி, ராத்திரி தூங்கி எழுந்தா போயிடுது, இது தற்காலிகமா கேட்கும் திறன் இறங்கி ஏறுறது. அன்னிக்கு உங்க காது தாங்குற அளவைத் தாண்டி சத்தம் வாங்கியிருக்குன்னு உடம்பே சொல்ற கணக்கு அது. முன்னாடியெல்லாம் மறுநாள் ஆடியோகிராம் நார்மல்னா ஒண்ணும் ஆகலன்னுதான் நாங்களும் படிச்சோம். 2009-ல ஹார்வர்டைச் சேர்ந்த ஷெரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மனும் எலிகளை வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, 100 டெசிபல் சத்தத்தை 2 மணி நேரம் கேட்க வச்சாங்க, சில நாள்ல கேட்கும் திறன் பழையபடி வந்துடுச்சு, காதுக்குள்ள சத்தத்தை உணர்ற முடி செல்களும் அப்படியே இருந்துச்சு, ஆனா அந்த செல்லையும் நரம்பையும் சேர்க்கிற இணைப்புகள்ல சில இடத்தில பாதி வரைக்கும் நிரந்தரமா போயிடுச்சு. எலிக்கு ஆனது அப்படியே மனுஷனுக்கும்னு ஒரே அடியா சொல்லிட முடியாது, மனுஷங்கள்ல அது இன்னும் விவாதத்தில இருக்கு. ஆனா அமைதியான ரூம்ல வச்சு டெஸ்ட் பண்ணா எல்லாம் கரெக்டா சொல்றவங்க கல்யாண வீட்டுக் கூட்டத்தில பக்கத்தில இருக்கிறவர் பேசுறது புரியலன்னு சொல்றதுக்கு இது ஒரு காரணமா இருக்கலாம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, நானும்தான்.

இப்ப சர்ஜன் சொன்ன "கொஞ்ச நிமிஷம்தானே". டெசிபல்ங்கறது கூட்டல் கணக்கில ஏறாது, 3 டெசிபல் ஏறினாலே சத்தத்தோட சக்தி ரெண்டு மடங்கு. அதனால அமெரிக்காவோட நயாஷ்ங்கற தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் என்ன சொல்லுதுன்னா 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம், 88-ன்னா 4 மணி, 91-ன்னா 2 மணி, 94-ன்னா 1 மணி, அப்படியே குறைஞ்சு 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிஷம். எலும்பு வெட்டுற ஆசிலேட்டிங் ரம்பம் பக்கத்தில நிக்கிறவர் காது கிட்ட அளந்தா 90-லேர்ந்து 100-ஐத் தாண்டி வரைக்கும் காட்டுது, ப்ளேடு, எலும்போட கெட்டித்தன்மை, காது எவ்வளவு கிட்ட இருக்கு இதையெல்லாம் பொறுத்து மாறும். ஒரு முட்டிக்கு ரம்பம் சுத்துற நேரம் மொத்தமா 4 நிமிஷம்னு வச்சுக்குவோம், உங்க காதுல அது 100 டெசிபலா விழுதுன்னும் வச்சுக்குவோம். ஒரு கேஸுக்கே அன்னிக்கு அனுமதிச்ச அளவுல கால் பங்குக்கு மேல போச்சு, நாலு முட்டி போட்டா 16 நிமிஷம், அன்னைய கோட்டா முடிஞ்சே போச்சு, இதுல எலும்பைக் குடையற ரீமர், சுத்தியல், தண்ணியைப் பீச்சிக் கழுவுற பல்ஸ் லவாஜ் எதையும் நான் சேர்க்கவே இல்ல. அதே 16 நிமிஷம் 94 டெசிபலா விழுந்திருந்தா கோட்டால கால் பங்குதான். ஆறே டெசிபல்ல இவ்வளவு வித்தியாசம். அதனால "கொஞ்ச நிமிஷம்"ங்கறது பதில் இல்ல, எத்தனை நிமிஷம், எவ்வளவு சத்தம், எத்தனை கேஸ், இந்த மூணும் சேர்ந்தாதான் பதில்.

இன்னொரு விஷயம், இதைத்தான் நான் முக்கியமா சொல்ல வந்தது. தியேட்டர் சத்தத்தை யாராவது அளந்தா சராசரியைச் சொல்லுவாங்க, "பாருங்க 65 டெசிபல்தான், ஒண்ணுமே இல்ல"ன்னு ஃபைலை மூடிடுவாங்க. அந்த சராசரி பொய் இல்ல, ஆனா அதை வச்சு முடிவு பண்றது தப்பு. அமெரிக்காவில ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி தியேட்டர்கள்ல அளந்து 2007-ல ஒரு கட்டுரை வந்துச்சு. அளந்த குழுவில ஒருத்தர் ஜேம்ஸ் வெஸ்ட், 1962-ல பெல் லேப்ஸ்ல எலக்ட்ரெட் மைக்கைக் கண்டுபிடிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர், டேப் ரெக்கார்டர் ஃபோன் ஹியரிங் எய்டுன்னு ஒரு காலத்தில எங்க பார்த்தாலும் இருந்த மைக், அந்த மனுஷன் வயசான காலத்தில ஆஸ்பத்திரிச் சத்தத்தை அளக்க உட்கார்ந்தாருங்கறதே எனக்கு ரொம்பப் பிடிச்ச சங்கதி. அவங்க கணக்கில ஆர்த்தோ தியேட்டரோட சராசரி சுமார் 66 டெசிபல்தான், டிராஃபிக் ரோட்டோரம் நின்னா வர்ற அளவு. ஆனா அதே ஆர்த்தோவிலயும் நியூரோ சர்ஜரிலயும் உச்ச அளவு 100 டெசிபலைத் தாண்டின நேரம் 40 சதவீதத்துக்கும் மேல, அதிகபட்ச உச்சம் 120-ஐ சர்வ சாதாரணமா தாண்டுச்சு. காது சராசரியில கெடறதில்ல சிஸ்டர், அந்த உச்சத்திலதான் கெடுது.

அதுலயும் சுத்தியல் வேற ரகம். ரம்பம்னா விடாம வர்ற சத்தம், சத்தம் ஆரம்பிச்சதும் நடுக்காதில இருக்கிற ஸ்டேபீடியஸ்ங்கற குட்டித் தசை இறுகி உள்ள போற சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும், ரொம்ப இல்ல, கொஞ்சம். அது இறுகறதுக்குச் சில பத்து மில்லி செகண்டாவது வேணும், ஸ்டீல் மேல ஸ்டீல் விழற அடியோட உச்சம் அதுக்குள்ள வந்துட்டுப் போயிடும். அதாவது ஒவ்வொரு அடியும் காவல் இல்லாத காதுலதான் விழுது. இடுப்பு மாத்துற கேஸ்ல தொடை எலும்புக்குள்ள இடம் பண்ற ப்ரோச்சை அடிச்சு இறக்கும்போது நீங்களே கவனிச்சிருப்பீங்க, முதல் சில அடி மொத்து மொத்துன்னு இருக்கும், உள்ள இறங்க இறங்க சத்தம் மெல்ல ஏறி கடைசியில ணங்னு கெட்டியா ஒரு ஒலி வரும், சர்ஜன் அங்க நிறுத்திடுவார், ஏன்னா அதுக்கு மேல அடிச்சா தொடை எலும்பு விரிசல் விடும். இதை மனசில வச்சுக்கோங்க, ப்ளக் விஷயத்துக்கு வரும்போது தேவைப்படும்.

இது வெறும் பயமுறுத்தலான்னு கேட்டா, இல்ல. பிரிட்டன்ல 1991-லேயே வில்லெட்ங்கற ஆர்த்தோ சர்ஜன் தன் துறையில சீனியர் ஸ்டாஃபுக்கெல்லாம் ஆடியோகிராம் எடுத்துப் பார்த்தார், பாதிப் பேர் கிட்ட சத்தத்தால வர்ற கேட்புக் குறை இருக்கிற அறிகுறி தெரிஞ்சுது. சின்ன ஆய்வுதான், ஆனா அந்தக் கோடு என் டேபிள்ல வர்ற ஷீட்லயும் அப்பப்ப தெரியுது. எப்படி இருக்கும்னா, ஷீட்டோட இடது பக்கம் 250, 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கோடு மேலயே நேரா வரும், எந்தக் குறையும் இல்ல, 3000-ல லேசா இறங்கும், 4000-ல பள்ளத்தில விழுந்த மாதிரி 40, 45 டெசிபலுக்குப் போகும், 8000-ல திரும்ப மேல ஏறும். அந்த ஏறுறதுதான் அடையாளம், வயசானதால வர்ற குறைன்னா 8000-ல இன்னும் கீழ போயிருக்கும். இந்த ஷீட்டோட சொந்தக்காரங்க யாரும் "காது கேக்கல"ன்னு வர மாட்டாங்க, "கேக்குது டாக்டர், ஆனா புரியல"ம்பாங்க, ஏன்னா ச, ஸ, ஃப மாதிரி ஒலிகள் அந்த மேல் அலைவரிசையிலதான் இருக்கு, அது போனா பேச்சு காதுல விழும், வார்த்தை பிடிபடாது. உள்காதில இருக்கிற முடி செல் மனுஷங்களுக்குத் திரும்ப முளைக்காது, மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது, யாராவது டானிக் குடுத்தா வாங்காதீங்க.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, நம்ம நாட்டில ஃபேக்டரி சட்டத்தோட மாடல் ரூல்ஸ்ல 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல்னு வச்சாங்க, அது தறி, பிரஸ்ஸு, ஜெனரேட்டரை மனசில வச்சு எழுதினது. ஆஸ்பத்திரியைச் சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலம், பகல்ல 50, ராத்திரில 40 டெசிபல்ங்கறது 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதி, அது வெளியில அடிக்கிற ஹாரனுக்கு. உள்ள தியேட்டர்ல நிக்கிற நர்ஸோட காதுக்குன்னு தனியா யாரும் உட்கார்ந்து யோசிச்சு எழுதினதா நான் பார்த்ததில்ல. அதனால சட்டம் வரட்டும்னு காத்திருக்க வேண்டாம்.

ப்ளக் வச்சுக்கலாமா? கட்டாயம் வச்சுக்கலாம், ஆனா எந்த ப்ளக், எப்பங்கறதுல கவனம் வேணும். மெடிக்கல்லயும் ஆன்லைன்லயும் கிடைக்கிற மஞ்சள், ஆரஞ்சு கலர் ஃபோம் ப்ளக் பாக்கெட்ல 33 டெசிபல் குறைக்கும்னு போட்டிருக்கும், அது லேப்ல நிபுணர் போட்டு விட்டது, நிஜத்தில அதுலேர்ந்து 7-ஐக் கழிச்சு பாதியாக்கிக்கணும்னு ஓஷாங்கற அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்போட கணக்கு, அப்ப 13 வரும். சரியா போடத் தெரியாதவங்களுக்கு அதுகூட வராது. விரலால மெலிசா உருட்டி, எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால கொண்டு வந்து காது மடலை மேலயும் பின்னாடியும் இழுத்து, உள்ள விட்டு அரை நிமிஷம் விரலை எடுக்காம பிடிச்சிருக்கணும், வெளியில துருத்திக்கிட்டு இருந்தா அது ப்ளக்கே இல்ல.

ஆனா ஃபோம்ல ஒரு சிக்கல், அது மேல் அலைவரிசையை ரொம்ப அமுக்கும், கீழ் அலைவரிசையைக் கம்மியா அமுக்கும், அதனால எல்லாரும் தலையணைக்குப் பின்னால நின்னு பேசுற மாதிரி இருக்கும். தியேட்டர்ல சத்தம் எல்லாமே வேண்டாத சத்தம் இல்லையே. ப்ரோச்சோட ணங்ங்கறது சர்ஜனுக்கு வேணும். காதுக்குப் பின்னால இருக்கிற மாஸ்டாய்டு எலும்பை ட்ரில் பண்ணும்போது எலும்பு மெலிசாக மெலிசாக ட்ரில் முனையான பர்ரோட ஒலி மாறும், பெரிய ரத்தக் குழாயான சைனஸோ மூளையை மூடியிருக்கிற டியூராவோ கிட்ட வந்துட்டோம்னு எங்களுக்குக் கண்ணுக்கு முன்னாடி காது சொல்லும். அனஸ்தீசியா டாக்டருக்குப் பல்ஸ் ஆக்சிமீட்டரோட டிக் டிக், ஆக்சிஜன் இறங்கினா அந்த சுருதியும் கூடவே இறங்கும், அவர் கண்ணு வேற எங்கயாவது இருந்தாலும் காது அதுலயே இருக்கும். அதனால இசைக் கலைஞர்களுக்குன்னு செஞ்ச ஃபில்டர் ப்ளக் இருக்கு, எல்லா அலைவரிசையையும் ஏறக்குறைய ஒரே சீரா 12, 15 டெசிபல் குறைக்கும், பேச்சு தெளிவாவே கேட்கும், விலை ஃபோமை விட ஜாஸ்தி ஆனா கழுவி கழுவி ரொம்ப நாள் வச்சுக்கலாம். உங்களுக்கு நான் சொல்றது இதைத்தான். ஸ்க்ரப் பண்றதுக்கு முன்னாடியே போட்டுட்டுக் கேப்பை இழுத்து விட்டுக்கோங்க, நடுவில கழண்டா நீங்க தொடக் கூடாது, ஸ்டெரைல் இல்லாம சுத்தி வந்து உதவுற சர்குலேட்டிங் சிஸ்டர் கிட்ட சொல்லுங்க. முதல் தடவை போடறதை ஒரு பெரிய கேஸ்ல வச்சுக்காம சின்ன கேஸ்ல போட்டுப் பழகுங்க, சர்ஜனையும் அனஸ்தீசியா டாக்டரையும் கேட்டுக்கிட்டு. அனஸ்தீசியா டாக்டர் மட்டும் கேஸ் முழுக்க ரெண்டு காதையும் அடைச்சுக்கிட்டு உட்காரக் கூடாதுங்கறது என் கருத்து, அவர் தலைமாட்டில ரம்பத்துக்குத் தள்ளியும் இருக்கார்.

காது கெடறதைத் தவிர இன்னொண்ணும் இருக்கு, அது இன்னிக்கே, இந்தக் கேஸ்லயே நடக்கிறது. சத்தத்தில பேச்சு மாறிக் கேட்கிறது. 2013-ல அமெரிக்காவில கென்டக்கி பல்கலைக்கழகத்தில சர்ஜன்களையே உட்கார வச்சு, தியேட்டர் சத்தத்தையும் பாட்டையும் ஓட விட்டு வாக்கியங்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னாங்க, வேலையும் பார்த்துக்கிட்டு பாட்டும் ஓடினா புரிஞ்சுக்கிறது நல்லாவே குறைஞ்சுது, அதுலயும் எதிர்பார்க்க முடியாத வார்த்தைகள்ல. அதே வருஷம் வாண்டர்பில்ட்ல அனஸ்தீசியா டாக்டர்களை வச்சு, சத்தமும் கவனச் சிதறலும் சேர்ந்தா ஆக்சிமீட்டர் சுருதி மாறுறதைப் பிடிக்கிறது குறையுதுன்னு காட்டினாங்க. நம்ம தியேட்டர்ல எல்லாரும் மாஸ்க் வேற போட்டிருக்கோம், உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கிறதும் போச்சு. "ஃபிஃப்டீன் மில்லி"யும் "ஃபிஃப்டி மில்லி"யும் சக்ஷன் இரைச்சல்ல எவ்வளவு கிட்டன்னு யோசிச்சுப் பாருங்க. அதனால ட்ரக் பேர், அளவு, பஞ்சு ஊசி எண்ற கவுன்ட் மூணையும் திருப்பிச் சொல்லி உறுதி பண்றது சம்பிரதாயத்துக்கு இல்ல. விமானத்தில 10,000 அடிக்குக் கீழ பறக்கும்போது வேலைக்கு வேண்டாத பேச்சு கூடாதுன்னு 1981-லேர்ந்து அமெரிக்காவில விதி இருக்கு, அதைப் பார்த்து சில தியேட்டர்கள்ல "பத்தாயிரத்துக்குக் கீழ"ன்னு ஒருத்தர் சொன்னா பாட்டு, அரட்டை, ஃபோன் எல்லாம் நிக்கும்னு வழக்கம் வச்சிருக்காங்க. நம்ம ஊர் தியேட்டர்லயும் இது வரணும்னு எனக்கு ரொம்ப ஆசை, காசே செலவில்லாத விஷயம்.

பேஷன்ட் விஷயம். முட்டி, இடுப்பு கேஸ்ல சத்தம் பேஷன்ட் காதைக் கெடுக்கிறதை விட பயத்தைத்தான் கூட்டும், முதுகில ஊசி போட்டு மரத்துப் போக வைக்கிற ஸ்பைனல்ல பாதி முழிப்பில இருக்கிறவருக்கு அந்த அடி எலும்பு வழியாவே மண்டை வரைக்கும் தெரியும். ஹெட்ஃபோன்ல அவருக்குப் பிடிச்ச பாட்டைப் போட்டு விட்டா மயக்க மருந்தோட தேவையே குறையுதுன்னு ஆய்வு இருக்கு, இளையராஜாவோ சுப்ரபாதமோ அவர் இஷ்டம். ஆபரேஷன் முடிஞ்சு காது மந்தமா இருக்குன்னு சொன்னா உடனே ரம்பத்தைக் குத்தம் சொல்லாதீங்க, ஸ்பைனல் ஊசித் துளை வழியா தண்டுவடத் திரவம் கசிஞ்சாலும் கீழ் அலைவரிசைல கொஞ்ச நாள் கேட்புக் குறையும், பெரும்பாலும் தானா சரியாகும்.

என் துறையில கதை வேற. மாஸ்டாய்டு ட்ரில் காதுக்குப் பக்கத்தில இல்ல, காது எலும்புக்குள்ளயே ஓடுது, உள்காதில கேட்கிற உறுப்பான காக்ளியாவுக்கு எலும்பு வழியா 100 டெசிபல் வாக்கில போகும்னு 1976-லேயே கைலனும் ஆர்லிங்கரும் அளந்தாங்க, எதிர்ப் பக்கக் காதுக்கும் அதைவிட 5, 10 டெசிபல் கம்மியாத்தான் போகும், அதாவது நல்ல காதும் வாங்குது. பேஷன்ட்டுக்குத் தசை தளர்த்துற மருந்து குடுத்திருந்தா நான் மேல சொன்ன ஸ்டேபீடியஸும் வேலை செய்யாது. அதனால பெரிய பர்ருக்குப் பதிலா கடைசிக் கட்டத்தில சின்ன டைமண்ட் பர், விட்டு விட்டு ட்ரில் பண்றது, ஓடுற பர் நடுக்காதில இருக்கிற குட்டி எலும்புச் சங்கிலியைத் தொடாம பார்த்துக்கிறது. சங்கிலியைத் தொட்டா நேரா உள்காதுக்கே அடிக்கிற மாதிரி. காக்ளியாவுக்குள்ள மின்கம்பி வைக்கிற காக்ளியர் இம்ப்ளான்ட்ல மிச்சம் மீதி கேட்கிறதைக் காப்பாத்தணும்னு காக்ளியா சுவரையே ட்ரில் பண்றதை முடிஞ்ச வரைக்கும் தவிர்த்து ரவுண்ட் விண்டோங்கற இயற்கையான வாசல் வழியா போறதுக்கு இந்தச் சத்தமும் ஒரு காரணம்.

சத்தத்தை அது பிறக்கிற இடத்தில குறைக்கிறதுதான் ப்ளக்கை விட நல்லது. மழுங்கின ப்ளேடு கூட நேரம் ஓடும், கூட கத்தும், காசு மிச்சம்னு அதையே ஆட்டோகிளேவ் பண்ணி பண்ணி ஓட்டுறது காதுக்கும் கேடு எலும்புக்கும் சூடு. கேஸ் முழுக்க டேபிள் ஓரமா ஸ்ஸ்ஸுன்னு காத்தை இழுத்துக்கிட்டே கிடக்கிற சக்ஷன் டிப், அதைத் தேவை இல்லாதப்ப மடக்கி கிளாம்ப் போடுங்க, ரூம் சத்தம் சட்டுனு இறங்கும். ஸ்டீல் ட்ரேல இன்ஸ்ட்ரூமென்ட்டைப் போடறதுக்கு முன்னாடி ஒரு மடிச்ச டவல், உங்க கையில இருக்கிற விஷயம் இது, ஒரு கிட்னி ட்ரே தரையில விழுந்தா வர்றதும் சுத்தியல் மாதிரி திடீர் உச்சம்தான். ரம்பம் ஓடும்போது வேலை இல்லாதவங்க ரெண்டு அடி தள்ளி நிக்கலாம், தூரம் ரெண்டு மடங்கானா திறந்த வெளியில 6 டெசிபல் குறையும், டைல்ஸும் ஸ்டீலுமா இருக்கிற நம்ம தியேட்டர்ல எதிரொலியால அவ்வளவு குறையாது, ஆனாலும் குறையும். எதிரொலிக்கு சீலிங்ல சத்தம் உறிஞ்சுற பேனல் போடலாமான்னா கிருமி தங்கும்னு பயம், ஹாப்கின்ஸ்ல அதே வெஸ்ட் குழு கேன்சர் வார்டுல ஃபைபர்கிளாஸைக் கிருமி வளராத துணியில சுத்தி சீலிங்ல மாட்டி நல்லாவே குறைச்சுக் காட்டினாங்க, அது வார்டு, தியேட்டருக்குக் கழுவித் துடைக்கிற மாதிரி பேனல் கேட்கணும்.

நிர்வாகத்துக்கிட்ட போகும்போது "சத்தமா இருக்கு"ன்னு போகாதீங்க, நம்பரோட போங்க. ஐஃபோன்ல நயாஷோட சவுண்ட் லெவல் மீட்டர் ஆப் இலவசம், ரம்பத்துக்குப் போதும், சுத்தியலுக்கு ஃபோன் மைக் திணறிடும், அதுக்கு நிஜ மீட்டர் வச்சு சி-பீக்ங்கற உச்ச அளவை அளக்கச் சொல்லணும். சராசரியை மட்டும் எழுதிக் குடுத்தா வாங்காதீங்க, உச்சத்தையும் கேளுங்க.

உங்களுக்கு இப்ப முதல் வேலை ப்யூர் டோன் ஆடியோகிராம், லீவு முடிஞ்சு டியூட்டிக்குப் போறதுக்கு முன்னாடி காலைல, குறைஞ்சது 14 மணி நேரம் பெரிய சத்தம் எதுவும் கேட்காம. 3000 ஹெர்ட்ஸும் 6000 ஹெர்ட்ஸும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்க, நிறைய இடத்தில நேரம் மிச்சம்னு அதை விட்டுடுவாங்க, நமக்கு வேணுங்கறதே அதுதான். உள்காதே திருப்பி அனுப்புற மெல்லிய ஒலியை அளக்கிற ஓஏஇ டெஸ்ட் வசதி இருந்தா அதுவும். அந்தப் பேப்பரைப் பத்திரமா வச்சுக்கோங்க, வருஷா வருஷம் அதோட ஒப்பிட்டாதான் இறங்குதான்னு தெரியும். அமிக்காசின், ஜென்டாமைசின் மாதிரி ஆன்டிபயாடிக் ஊசியோ கேன்சர் மருந்தான சிஸ்பிளாட்டினோ போட்டுக்கிற நிலைமை எப்பவாவது வந்தா அந்தச் சமயத்தில சத்தமான கேஸ்ல நிக்க வேண்டாம், அந்த மருந்தும் சத்தமும் சேர்ந்தா தனித்தனியா பண்றதை விட அதிகமா கெடுக்கும். ஒரே ஒரு பக்கக் காது திடீர்னு அடைச்சு கேட்காம போச்சுன்னா அதை மட்டும் தியேட்டர் சத்தம்னு நினைச்சு ரெண்டு நாள் பார்ப்போம்னு விடாதீங்க, அது வேற வியாதி, ஸ்டீராய்டு சீக்கிரம் ஆரம்பிச்சாதான் பலன், அன்னிக்கே இஎன்டி கிட்ட போயிடுங்க.